கடிகாரத்துக்கு அடித்த ஆணி

சாமானக்கா அன்று காலையிலிருந்து துபாஷியோடு பேசவில்லை. பேசவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். அது அவளால் ஆகிற காரியமில்லை. அவர் காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டு பீரோவிடம் பேசினாள், அடுக்கி வைத்த பாத்திரங்களிடம் பேசினாள், வேன் டிரைவரிடம் பேசினாள். அவரிடம் மட்டும் பேசவில்லை.

“போறவங்க போகட்டும்பா. யாரை யாரு கட்டி வெச்சிருக்கா?” என்று ஒரு குக்கரைப் பார்த்துச் சொன்னாள்.

குக்கர் பதில் சொல்லவில்லை. துபாஷியும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். முந்தின நாள் சாயங்காலம், எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், துபாஷி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். மாசக் கடைசியோடு வேலையிலிருந்து நின்றுகொள்ளப் போகிறாராம். வேறு ஊருக்குப் போகிறாராம். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், “அங்க ஒண்ணும் இல்ல. சும்மா, கொஞ்ச நாள் அங்க இருந்து பார்க்கலாமேன்னு” என்கிறார். அதோடு விட்டாரா? சிரித்துக்கொண்டே, “எனக்கென்ன அக்கா, ஒரே ஒரு பை. தூக்கித் தோள்ல போட்டா முடிஞ்சுது” என்றும் சொன்னார். அந்தச் சிரிப்புத்தான் அக்காவுக்கு ஆகவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் கூட வேலை பார்த்தவர், தினம் ஒரு தடவையாவது அவளோடு சண்டை போட்டவர், பஸ்ஸை விட்டு இறங்குகிற மாதிரி இறங்கிப் போகிறேன் என்றால் வயிறு எரியுமா எரியாதா?

பிழைப்புத் தேடியும் உயிருக்குப் பயந்தும் அந்த நகரத்தில் வந்து இறங்குகிற குடும்பங்களுக்கு ஒத்தாசை செய்கிற ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் அது. மாடியில் ஆபீஸ், கீழே கிடங்கு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கித் தருவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, வேலைக்குச் சொல்லி வைப்பது என்று மாடியில் இருப்பவர்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். கிடங்கு சாமானக்காவின் ராஜ்ஜியம். யார் வீட்டில் கட்டில் மாற்றுகிறார்கள், எந்த விடுதி பழைய மெத்தைகளைக் கழிக்கிறது என்று மோப்பம் பிடித்து, கேட்டு, கெஞ்சி, சில சமயம் மிரட்டியும் வாங்கி வந்து துடைத்து அடுக்குவாள். குடும்பம் வருகிற அன்று அவர்களுக்குப் பார்த்து வைத்த வீட்டுக்கு முன்கூட்டியே போய், அவர்கள் வாசலை மிதிப்பதற்குள் காலி வீட்டைக் குடித்தனம் நடக்கிற வீடாக ஆக்கிவிடுவாள்.

அதில் அவளுக்கு ஒரு முறை இருந்தது. கட்டிலுக்கும் முன்னால், அடுப்புக்கும் முன்னால், கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடிப்பாள். ஒரு கடிகாரத்தை அதில் மாட்டி, சரியான நேரம் வைத்த பிறகுதான் மற்ற சாமான் உள்ளே வரும். “ஆணி அடிக்காத வீடு பஸ் ஸ்டாண்டு” என்பாள். வீட்டுக்காரர்கள் சுவர் பாழாகிறது என்று கத்துவார்கள். அக்கா அவர்களைவிடக் கத்துவாள்.

அவளும் ஒரு காலத்தில் புதுப் பெண்ணாக அந்த ஊருக்கு வந்து இறங்கியவள்தான். கிடைத்த ஒற்றை அறையில், “ரெண்டு மாசத்துல வேற வீடு போயிடலாம், ஆணி கீணி அடிக்காதே” என்றார் புருஷன். ஈரத் துண்டை மாட்ட இடமில்லாமல் தோளிலேயே போட்டுக்கொண்டு திரிந்தாள். ஒரு நாள் பொறுமை போயே போய்விட்டது. பக்கத்து வீட்டில் சுத்தியலை இரவல் வாங்கி நங்கென்று ஒன்று அடித்தாள். முப்பது வருஷமாகிறது. இன்றைக்கும் அந்த மனுஷர் சட்டையை அந்த ஆணியில்தான் மாட்டுகிறார்.

துபாஷி கதை வேறு. ஐந்து பாஷை பேசுகிறவர் என்பதால் அந்தப் பட்டம். இந்தப் பக்கம் சொல்வதை அந்தப் பக்கம் சொல்வார், அந்தப் பக்கம் சொல்வதை இந்தப் பக்கம். எதையும் கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். அவரும் தப்பி வந்தவர்தான், ஒண்டிக்கட்டையாக. வந்தபோது நம் பேச்சில் ‘தண்ணி’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை தெரியாது. இப்போது பழமொழி சொல்லிச் சண்டை போடுவார். எங்கே குடியிருக்கிறார் என்று மட்டும் ஆபீஸில் யாருக்கும் தெரியாது. கேட்டால் “இங்கதான் பக்கத்துல” என்பார். எந்தப் பக்கத்தில் என்றால் பேச்சை மாற்றிவிடுவார்.

அன்று மத்தியானம் ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. ஒரு தையல்காரர், அவர் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். நாடு விட்டு நாடு மாறி, கூடாரத்திலும் கொட்டகையிலும் இருந்துவிட்டு வருகிறவர்கள். அவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தது துபாஷி. வீட்டுக்காரர் தங்கமான மனுஷன், எனக்குத் தெரியும் என்று அவரே பேசி முடித்திருந்தார். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவர் விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது டிரைவரிடம் வழி சொன்னார். “கடைசி மாடி. மொத்தமே ரெண்டு வீடு, எதிரும் புதிருமா இருக்கும். படியேறினா இடது கைப் பக்கம். வாட்ச்மேன் திறந்து விடுவாரு. ஏதாவது சந்தேகம்னா அக்காவ எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க.”

“போனாம் போன்” என்று அக்கா ஒரு தலையணையிடம் சொன்னாள்.

வேன் அந்தக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முன்பக்கப் படி குறுகல். முதல் திருப்பத்திலேயே கட்டில் சட்டம் மாட்டிக்கொண்டு, முன்னாலும் போகவில்லை பின்னாலும் வரவில்லை. வாட்ச்மேன் ஓடிவந்து, “பின்னாடி ஒரு படி இருக்கு, அகலமா இருக்கும்” என்றார். வேனைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், அந்தப் படி வழியாக ஏறினார்கள். மேலே ஒரு நடை. முன்படி அதன் ஒரு கோடியில் வந்து முடிகிறது, பின்படி மறு கோடியில். நடுவில் இரண்டு கதவுகள், ஒன்றை ஒன்று பார்த்தபடி.

டிரைவர் கட்டில் சட்டத்தைத் தோளில் வைத்தபடி நின்றார். “அக்கா, இடதுன்னா அந்தப் படியில ஏறி வந்தா இடதா, இந்தப் படியில ஏறி வந்தா இடதா?”

“இடதுன்னா இடது. சோத்துக்கை எது, மத்த கை எதுன்னு உனக்குத் தெரியாதா?”

“அதுக்கில்ல அக்கா. ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே.”

“அவருக்கு நான் போன் பண்ணணுமா? என் தலையெழுத்தா?” அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “வாட்ச்மேன் தம்பி, இந்தக் கதவைத் திறங்க.”

வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்கே இன்னும் பிடிபடவில்லை. ஆபீஸ் ஆட்கள் வருவார்கள், திறந்து விடு என்று சொல்லியிருந்தார்கள். வந்தார்கள், திறந்து விட்டார். கொத்துச் சாவியில் ஒன்று பொருந்தியது.

உள்ளே காலி. அக்காவின் கண்ணில் பட்டவை இவ்வளவுதான். மூலையில் சுருட்டி வைத்த ஒரு மெல்லிசு மெத்தை. ஒரு நாற்காலி. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சின்ன அடுப்பு. குளியலறையில் ஒரு சோப்பு. கதவுக்குப் பின்னால் வாய் வரைக்கும் அடைத்து வாரை இழுத்துக் கட்டிய ஒரு துணிப் பை. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை, ஓர் ஆணி இல்லை.

“பெயிண்டர் தங்கி வேலை பார்த்திருக்கான்” என்று அக்கா உடனே தீர்ப்புச் சொன்னாள். “ரெண்டு மூணு நாள் படுத்திருப்பான் போல.” மெத்தையைத் தொட்டுப் பார்த்தவளுக்கு மனசு கேட்கவில்லை. “யாரு பெத்த பிள்ளையோ, பாவம். இதுல படுத்தா முதுகு என்னத்துக்கு ஆகும்? சரி, இதைக் குப்பைத் தொட்டிகிட்டப் போடு. மத்ததை நடையில வை, வந்து எடுத்துக்குவான்.”

வருஷம் பூராவும் காலி வீட்டை நிரப்புவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது ஒரு வியாதி. எந்த வீட்டைப் பார்த்தாலும் எத்தனை கட்டில் போடலாம் என்றுதான் கண் அளக்கும். இதில் ஏற்கனவே ஓர் ஆள் வாழ்ந்துகொண்டிருக்கலாம் என்று புத்திக்கு எட்டாது. வேறு யாராக இருந்தாலும் அந்தச் சோப்பைப் பார்த்தாவது ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். அக்கா சோப்பைத் தாளில் சுற்றி, பையின் பக்கவாட்டு ஜேப்பில் செருகி, பையை வெளியே வைத்தாள். ஊரான் பொருளை வீணாக்குகிறவள் இல்லை அவள்.

பிறகு ஆணி. சுவர் கெட்டியான சுவர். முதல் ஆணி வளைந்தது, இரண்டாவது தெறித்தது, மூன்றாவது இறங்கியது. கடிகாரம் ஏறியது. அதற்கப்புறம் அக்காவைப் பிடிக்க ஆளில்லை. கட்டில்களைப் பூட்டினார்கள், மெத்தை விரித்தார்கள், ஜன்னலுக்கு மஞ்சள் திரை தைத்து வைத்திருந்ததை மாட்டினார்கள். அடுப்பு, அடுப்பில் ஒரு கெட்டில், அலமாரியில் டம்ளர்கள், தண்ணீர்க் குடம். சின்னப் பிள்ளைக்கு ஒரு குட்டி நாற்காலி. வாசலில் நான்கு ஜோடிச் செருப்பு, கால் அளவு குத்துமதிப்பாக.

“அக்கா, இந்தத் தடவை வீடு அம்சமா அமைஞ்சுருச்சு” என்றார் டிரைவர், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

“பின்னே? போறவரு பார்த்து வெச்ச கடைசி வீடு. குறை வைக்கலாமா?” என்றாள் அக்கா. சொல்லிவிட்டுக் கெட்டிலைத் துடைக்கப் போய்விட்டாள்.

அவர்கள் வருகிற சத்தம் முன்படியில் கேட்டது. வழக்கம்போல அக்கா டீக்குத் தண்ணீர் ஊற்றிக் கெட்டிலை அடுப்பில் ஏற்றிவிட்டு, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். முதலில் ஏறி வந்தவர் துபாஷி, இரண்டு கையிலும் அவர்களுடைய மூட்டைகள். பின்னால் தையல்காரர், தலையில் ஒன்று தோளில் ஒன்று. அவர் மனைவி, பெரிய பெண், கடைசியில் படிகளை எண்ணிக்கொண்டே சின்னவள்.

துபாஷி நடைக்கு வந்ததும் இடது பக்கம் திரும்பினார். பூட்டியிருந்த கதவைப் பார்த்தார். கைப்பிடியைத் திருகிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக முதுகுப் பக்கம் திரும்பினார். எதிர்க் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. வாசலில் நான்கு ஜோடிச் செருப்பு. நிலையை அடைத்துக்கொண்டு சாமானக்கா.

“அக்கா... நீங்க அங்க என்ன பண்றீங்க?”

பேசுவதில்லை என்ற வைராக்கியமெல்லாம் அந்தக் கேள்வியில் பறந்துவிட்டது. “என்ன பண்றேனா? காலையில இருந்து முதுகு ஒடிய வேலை பார்த்துட்டு நிக்கிறேன், என்ன பண்றேன்னு கேக்குறீங்க? வாங்க, வாங்க, வந்தவங்களை உள்ள கூப்பிடுங்க. எதுக்குப் பூட்டின கதவைப் போய்த் திருகிட்டிருக்கீங்க?”

“இதுதான் அக்கா அவங்க வீடு.”

“அப்போ இது?”

 அவர் பார்வை நடையில் சுவரோரமாக வைத்திருந்த நாற்காலியில் விழுந்தது, நாற்காலி மேலிருந்த தட்டில் விழுந்தது, பக்கத்திலிருந்த பையில் போய் நின்றது. மூட்டைகளைக் கீழே வைத்தார்.

“அது என் பை” என்றார்.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிரைவர் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார். கெட்டில் உள்ளே கொதிக்க ஆரம்பித்து விசிலடித்தது, அதை அணைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

“பெயிண்டர்னு நினைச்சேன்” என்றாள் அக்கா. அவள் குரல் அவ்வளவு சின்னதாக யாரும் கேட்டதில்லை. “ரெண்டு மூணு நாள் தங்கியிருப்பான்னு...”

“வந்த நாள்ல இருந்து இங்கதான் அக்கா இருக்கேன்.”

வந்த நாளிலிருந்து! ஊருக்கெல்லாம் ஓடி ஓடிக் கட்டில் போட்டவள், பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்த மனுஷர் பாயை விட மோசமான மெத்தையில் படுத்திருந்ததை ஒரு நாள் கேட்டாளா? அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால் அழுகையும் கூடவே வரும் அவளுக்கு. மூக்கை உறிஞ்சி அதை உள்ளே தள்ளினாள்.

துபாஷிதான் முதலில் சுதாரித்தார். பழையபடி சிரித்தார். “சரி விடுங்க அக்கா. இதுக்குப் போய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு. அவங்க இங்கயே இருக்கட்டும். வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லிக்கறேன். எதிர் வீட்டுல நான் இருந்துக்கறேன். எப்படியும் மாசக் கடைசியில கிளம்புறவன்தானே, எனக்கென்ன, ஒரு பை.”

சுலபமான வழி. ஒரு பையை நடைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் எடுத்து வைத்தால் தீர்ந்தது. டிரைவர் முகத்தில் உயிர் வந்தது. அக்காவும் சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அந்த நேரத்தில்தான் தையல்காரரின் மனைவி குறுக்கே ஏதோ கேட்டாள்.

அவள் பாஷை அக்காவுக்குத் தெரியாது. துபாஷி பதில் சொன்னார். அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள், நடையிலிருந்த நாற்காலியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். இன்னொன்று கேட்டாள். அவர் பதில் சொன்னார், கொஞ்சம் தயங்கி. அப்புறம் அவள் தங்கள் மூட்டைகளைக் கை காட்டி ஒரு வாக்கியம் சொன்னாள். தையல்காரர் ‘சும்மா இரு’ என்பதுபோல் அவள் முழங்கையைத் தொட்டார்.

துபாஷி மொழிபெயர்க்கவில்லை.

அக்கா காத்திருந்தாள். டிரைவர் காத்திருந்தார். இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் சொல்லாமல் அவர் நின்றதே கிடையாது. திட்டினால்கூடத் திட்டை அப்படியே பெயர்த்துக் கொடுத்துவிடுகிற மனுஷர்.

“என்ன சொல்றா அந்தப் பொண்ணு?” என்றாள் அக்கா.

“ஒண்ணுமில்ல.”

“துபாஷி! சொல்லுங்க.”

அவர் பையையே பார்த்துக்கொண்டு சொன்னார். “எத்தனை வருஷமா இங்க இருக்கேன்னு கேட்டாங்க. சொன்னேன். ‘நாங்க இன்னிக்குத்தான் வந்து இறங்குறோம். எங்ககிட்டயே இவரைவிட நிறைய சாமான் இருக்கே’ங்கறாங்க.”

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சின்னவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

அக்கா இடுப்பில் கையை ஊன்றினாள். “கேட்டுதா டிரைவர்? எடு கட்டிலை.”

“எங்கக்கா?”

“எதிர் வீட்டுக்கு. வாட்ச்மேன் தம்பி, அந்தக் கதவைத் திறங்க. இது அவங்க வீடு இல்ல. இது இவரு வீடு. நான் யாரு வீட்டையும் பிடுங்கி யாருக்கும் குடுக்கறதுக்கு வரல.”

“அக்கா, நான் போறவன்...”

“போறதுன்னா மாசக் கடைசியில போங்க. அதுவரைக்கும் இது உங்க வீடு. வாயை மூடிட்டு அந்தக் கட்டிலோட தலைமாட்டைப் பிடிங்க. இதையெல்லாம் அவங்களுக்குச் சொல்லிட்டுப் பிடிங்க.”

அவர் சொன்னார். தையல்காரர் உடனே சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொண்டார். விமானத்தை விட்டு இறங்கி இன்னும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காத குடும்பம், ஊர் பேர் தெரியாத ஒரு மாடி நடையில், தங்கள் வீட்டுச் சாமானைத் தாங்களே தூக்க ஆரம்பித்தது. இப்படி ஒரு வரவேற்பு அந்த ஆபீஸ் சரித்திரத்திலேயே கிடையாது. பெரிய பெண் தலையணைகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். சின்னவள் குட்டி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்ததால், நாற்காலியோடு சேர்த்து அவளையும் டிரைவர் தூக்கிக்கொண்டு போனார். நடை முழுக்கச் சிரிப்புச் சத்தம்.

அக்கா மட்டும் ஒன்றைக் கவனித்தாள். தையல்காரர் மனைவி எதிர் வீட்டுக்குக் கொண்டுபோவதைப் போலவே அங்கிருந்து திருப்பியும் கொண்டுவந்துகொண்டிருந்தாள். இரண்டு டம்ளர் இந்தப் பக்கம் வந்தன. ஒரு போர்வை வந்தது. மஞ்சள் திரையை அவிழ்க்கப் போன டிரைவரின் கையை அவள் தட்டிவிட்டாள். அக்கா டம்ளர்களை எடுத்து அவள் கையில் திணித்தாள். அவள் வாங்கி, புன்னகை செய்து, மறுபடி இங்கேயே வைத்தாள். பாஷை தெரியாத இரண்டு பெண்கள் இரண்டு டம்ளருக்காக மல்லுக்கட்டினார்கள். கடைசியில் தோற்றது அக்கா.

“வாங்கிக்க வந்தவங்க குடுத்துட்டுப் போறாங்கப்பா” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அது சரி, அந்த மெத்தையைக் கீழ இருந்து எடுத்துட்டு வா.”

டிரைவர் போனார், வெறுங்கையோடு வந்தார். “குப்பை வண்டி வந்து அள்ளிட்டுப் போயிருச்சு அக்கா.”

அக்காவுக்கு முதலில் பகீரென்றது. அடுத்த நொடி சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “ரொம்ப நல்லதாப் போச்சு. துபாஷி, இன்னிக்கு ராத்திரிக்கு என் கிடங்குல இருந்துதான் உங்களுக்குக் கட்டில் வரணும். நீங்களும் நம்ம குடும்பத்துக் கணக்குல வந்துட்டீங்க.”

துபாஷி தன் வீட்டுக்குள் போனார். ஜன்னலோரம் நின்று அந்த மஞ்சள் திரையை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர் வீட்டில் புது ஆணி அடித்துக் கடிகாரத்தை மாட்டிவிட்டு அக்கா திரும்பி வந்தாள். தையல்காரர் குடும்பம் அங்கே கதவைத் திறந்து வைத்தபடியே டீ போட்டுக்கொண்டிருந்தது. இங்கே கூடத்தில் சாமான் என்று அதிகமில்லை: பழைய நாற்காலி, அந்தத் தட்டு, இப்போது மூன்று டம்ளர், ஒரு போர்வை, ஒரு திரை. சுவர் நடுவில் ஆணி மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது.

அக்கா சுத்தியலைத் திருப்பிப் பிடித்து அதன் கொக்கியை ஆணிக்குக் கொடுத்தாள். “இதையும் பிடுங்கிடறேன். கேக்காம அடிச்சது தப்பு. இத்தனை வருஷம் சுவரை அப்படியே வெச்சிருந்தீங்க. காலி பண்றப்போ வீட்டுக்காரர் உங்களைத்தான்...”

“பிடுங்காதீங்க அக்கா.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“இருக்கட்டும்” என்றார் அவர்.

அக்கா சுத்தியலை இறக்கினாள். மனசு நிறைய என்னென்னவோ வந்தது. போகாதீங்க என்று நேற்றே சொல்லியிருக்க வேண்டும். குக்கரிடமும் தலையணையிடமும் சொல்லிக்கொண்டு திரிந்ததற்கு இவரிடமே சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டாள்.

“நீங்க போனா எனக்குச் சண்டை போட ஆளில்ல துபாஷி. போகாதீங்க. எனக்குக் கஷ்டமா இருக்கு.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு நடைக்குப் போனார். பையைத் தூக்கி வந்தார். ஆணியில் மாட்டப் போனார்.

“ஐயையோ, நில்லுங்க! அது கடிகாரத்துக்கு அடிச்ச ஆணி. இந்தக் கனத்தைத் தாங்குமா? உள்ள இருக்கறதை எடுத்து வெச்சுட்டு வெறும் பையை மாட்டுங்க.”

அவர் பையைக் கீழே வைத்தார். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாரை அவிழ்த்தார். பல வருஷமாக ஒவ்வொரு தடவையும் இறுக்கி இழுத்துக் கட்டிய முடிச்சு, நகம் வலித்திருக்கும். இரண்டு சட்டை, ஒரு துண்டு, ஒரு கம்பளிச் சட்டை, ஒரு டார்ச். கடைசியாகப் பிரிக்காத ஒரு பிஸ்கட் பாக்கெட்.

“இது எதுக்கு?”

“திடீர்னு ஓடணும்னா வழியில சாப்பிட.” அவருக்கே வெட்கமாக இருந்தது போலும். “பழசானா மாத்திடுவேன் அக்கா. இது போன வாரம் வாங்கினது.”

அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வாசலில் சின்னவள் வந்து நின்று பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். துபாஷி பாக்கெட்டைப் பிரித்து அவளிடம் நீட்டினார். அவள் ஒன்றை எடுத்தாள், யோசித்தாள், இன்னொன்றை எடுத்தாள், அப்புறம் பாக்கெட்டையே வாங்கிக்கொண்டு எதிர் வீட்டிலிருந்த தன் அக்காவைக் கூப்பிட ஓடினாள்.

சட்டைகள் அலமாரிக்குப் போயின. டார்ச் ஜன்னல் திட்டுக்குப் போனது. வெறும் பையை அவர் ஆணியில் மாட்டினார். அது சப்பையாகத் தொங்கியது.

“அக்கா” என்றார், அவளைப் பார்க்காமல். “மாசக் கடைசியில கிடங்குல இன்னொரு நாற்காலி கிடைக்குமா? யாராவது வந்தா உட்காரக் குடுக்க ஒண்ணுதான் இருக்கு.”

அக்காவுக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தினாள்.

“அதெல்லாம் உடனே கிடைக்காது. உங்களுக்கு முன்னாடி ரெண்டு குடும்பம் கேட்டிருக்கு. வரிசையில நின்னு வாங்கிக்குங்க.”